ஹகீம் அஜ்மல் கானும் நரம்புகளின் மொழியும்

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேட்டை அறியாத தமிழ் மாணவர் இலர். 1945ஆம் ஆண்டில் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மண்ணினடியிலிருந்து வெளிப்பட்ட மதுச்சாடிகளும் உரோமானிய மட்கலங்களும், சங்கப் பாடல்கள் சுட்டும் யவனர் வெறுங்கற்பனை அல்லர் என்பதற்குச் சான்றாயின. அந்த யவனர் என்னும் சொல்லுக்கு உடன்பிறப்பான சொல்லொன்று நம் நகரங்களின் மருந்தகப் பலகைகளில் இன்றும் காணப்படுகின்றது. யூனானி என்பதே அச்சொல். அயோனியா என்னும் கிரேக்க நிலத்தின் பெயரே இந்திய மொழிகளில் யவனம் என்றும், அரபு மொழியில் யூனான் என்றும் வழங்கலாயிற்று. கடல்வழி வந்த யவனர் பொன்னைத் தந்து மிளகைப் பெற்று மீண்டனர். அவர்தம் மருத்துவமோ வேறு வழியில் வந்தது. பாக்தாது நகரில் அரபு மொழியைக் கற்று, இப்னு சீனாவின் கையில் ஒழுங்கமைதி பெற்று, பாரசீகத்தைக் கடந்து டில்லியில் குடியேறி, இந்நாட்டு மருத்துவமாகவே ஆகிவிட்டது. அம்மருத்துவ மரபின் இணையற்ற பேராளராக விளங்கியவர் ஹகீம் அஜ்மல் கான்.

அன்னாரை விடுதலைப் போராட்டத் தலைவர் என்ற நிலையில் அறிந்தோர் பலர். கைராசி மிக்க மருத்துவர் என்று அறிந்தோரும் உளர். ஆயின், மூளையிலுள்ள நரம்பணுக்கள் வேதிப்பொருள்களைத் தூதாக விடுத்தே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்னும் உண்மை நிலைபெற்ற வரலாற்றில் அவர் பெயருக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. அவ்விடம் எத்தகையது, எவ்வளவினது என்பதை மிகையின்றி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்லிமாரான் தெருவில்

1868ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டில்லி மாநகரில் அஜ்மல் கான் பிறந்தார். முன்னோர் பாபருடைய காலத்தில் நடு ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பது குடும்ப வழக்கு. அவர்களுள் ஹகீம் ஷரீப் கான் என்பார் மொகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் காலத்தில் பெரும்புகழ் பெற்றார். பல்லிமாரான் தெருவிலிருந்த மாளிகைக்கு ஷரீப் மன்சில் என்னும் பெயர் அவரால் அமைந்ததே. தந்தையார் ஹகீம் மஹ்மூத் கான். 1857இல் ஆங்கிலப் படை டில்லியை மீட்டபோது நகரத்தின் தெருக்கள் பல சூறையாடப்பட்டன. ஆனால் ஹகீம்கள் வாழ்ந்த இத்தெரு தப்பியது. பாட்டியாலா அரசர் இக்குடும்பத்தாரிடம் மருத்துவம் பெற்றவர். தம் வீரரைக் காவலுக்கு நிறுத்தி அத்தெருவைக் காத்தார். அத்தெருவிலேயே குடியிருந்த உருதுப் பெருங்கவிஞர் மிர்ஸா காலிபும் அக்காவலால் உயிர் பிழைத்தவருள் ஒருவர். ஒரு நோயாளியின் நன்றி ஒரு தெருவையே காத்தது என்னும் இச்செய்தியைக் கேட்டே அஜ்மல் கான் வளர்ந்திருத்தல் வேண்டும்.

இளமையிலேயே திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்தார். அரபும் பாரசீகமும் கற்றார். தந்தையாரிடத்தும் தமையன்மாரிடத்தும் மருத்துவம் பயின்றார். 1892இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராக அமர்த்தப்பெற்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கே பணியாற்றினார். அரபு, பாரசீகச் சுவடிகளுக்குப் பெயர்போன ராம்பூர் நூலகம் அவருக்கு இன்னொரு கல்விக்கூடமாயிற்று. பின்னர் டில்லிக்கு மீண்டு, தமையன்மார் இருவரும் மறைந்தபின் குடும்ப மருத்துவத்தின் முழுப்பொறுப்பையும் ஏற்றார். சிற்றரசர்கள் வெளியூருக்கு அழைத்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் பெற்ற அவர், டில்லிக்குத் தம்மை நாடிவந்த எவரிடமும் கட்டணம் பெற்றதில்லை என்பர். ஆங்கில அரசு ஹாஸிகுல் முல்க் என்னும் பட்டத்தை வழங்கிற்று. 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது அதனைத் திருப்பியளித்தார். மக்களோ மஸீஹுல் முல்க், அஃதாவது நாட்டின் பிணிதீர்ப்பவர் என்று அவரை அழைக்கத் தலைப்பட்டனர். அரசு தந்தது போயிற்று; மக்கள் தந்தது நிலைத்தது.

சட்டம் விடுத்த அறைகூவல்

அஜ்மல் கானின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது ஒரு சட்டம். மேனாட்டு மருத்துவம் கற்றோரை மட்டுமே பதிவுபெற்ற மருத்துவராக ஏற்கும் சட்டத்தைப் பம்பாய் மாகாண அரசு கொணர முற்பட்டது. 1912இல் அது நிறைவேறியது. வைத்தியரும் ஹகீமும் சட்டத்தின் கண்ணில் மருத்துவரே அல்லர் என்பது அதன் உட்பொருள். இதனை முன்னரே உணர்ந்த அஜ்மல் கான், 1910இல் வைத்தியரையும் ஹகீம்களையும் ஒரே மாநாட்டில் ஒன்றுகூட்டினார். ஆயுர்வேதம் இந்துக்களுடையது, யூனானி முஸ்லிம்களுடையது என்று பிரித்துப் பேசியோர் நடுவே, இரண்டும் இம்மண்ணின் செல்வம், இரண்டும் ஒரே இடரை எதிர்கொள்வன என்று எடுத்துரைத்தார். யூனானியின் தூய்மை கெடும் என்று அஞ்சிய ஹகீம்களும் இருந்தனர். அவர்தம் எதிர்ப்பையும் அவர் தாங்கவேண்டியிருந்தது.

ஈண்டு ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். அரசை எதிர்த்துக் குரல் எழுப்புவது எளிது. தம்மவரை நோக்கிக் குறைகூறுவது அரிது. அஜ்மல் கான் இரண்டையும் செய்தார். மருந்தின் செய்முறையைத் தந்தை மகனுக்கு மட்டுமே இரகசியமாய்ச் சொல்லிச் செல்லும் வழக்கம், உடற்கூற்றை ஏட்டில் மட்டும் படித்து உடலைத் திறந்து பாராமை, பழைய நூல் கூறியதால் மட்டுமே ஒன்றை மெய்யென்று கொள்ளல் ஆகியவற்றை நம் மருத்துவத்தின் நோய்களாகவே அவர் கண்டார். 1909இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றை ஏற்படுத்தி மருத்துவச்சியர்க்குப் பயிற்சியளித்தார். 1911இல் ஐரோப்பா சென்று அங்குள்ள மருத்துவமனைகளை நேரிற் பார்வையிட்டார். இலண்டனில் டாக்டர் அன்சாரியுடன் கொண்ட தொடர்பு வாழ்நாள் நட்பாக வளர்ந்தது. திரும்பியவர் உள்ளத்தில் ஒரு கல்லூரி உருவாகியிருந்தது. 1916 மார்ச்சுத் திங்களில் ஆயுர்வேத யூனானி திப்பியாக் கல்லூரிக்கு வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு டில்லிக் கரோல்பாகில் அடிக்கல் நாட்டினார். தாம் தோற்றுவித்த இந்துஸ்தானி தவாகானா என்னும் மருந்தகத்தின் வருவாயை அக்கல்லூரிக்கே உரித்தாக்கினார் ஹகீம் சாகிபு.

1921ஆம் ஆண்டு

அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாள் காந்தியடிகள் கல்லூரியைத் திறந்துவைத்தார். திறப்பு விழாவில் புகழ்மொழியை மட்டுமே எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பர். மேனாட்டு மருத்துவத்தின் குறைகளைக் கண்டித்து எழுதியவரான காந்தியடிகள், அன்று அந்நாட்டு அறிவியலாரின் ஆராய்ச்சி வேட்கைக்குத் தலைவணங்கினார். நம் வைத்தியரிடத்தும் ஹகீம்களிடத்தும் அவ்வேட்கை இல்லையே என்று வருந்தினார். சூத்திரங்களைக் கேள்வியின்றிப் பின்பற்றுவது போதாது என்று இடித்துரைத்தார். அஜ்மல் கான் இதனைக் குறையாகக் கொண்டதாகத் தெரியவில்லை. அவர் நெஞ்சில் நெடுங்காலமாக இருந்ததும் அதுவே.

அதே ஆண்டு டிசம்பரில் அகமதாபாத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் சித்தரஞ்சன் தாசு சிறையில் இருந்தமையால், அஜ்மல் கான் தலைமை தாங்கினார். 1919இல் அமிர்தசரசில் முஸ்லிம் லீக் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவரும் அவரே. கிலாபத் மாநாட்டிற்கும் அவ்வாறே. 1920இல் தோன்றிய ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தராக விளங்கி, பொருள்முடை அந்நிறுவனத்தை நெருக்கியபோது 1925இல் அதனை அலிகாரிலிருந்து டில்லிக்கு மாற்றித் தோள்கொடுத்தார். இவற்றையெல்லாம் விரிப்பின் பெருகும். இவற்றுக்கிடையே ஷைதா என்னும் புனைபெயரில் உருதுவிலும் பாரசீகத்திலும் கவிதை புனைந்தார் என்பதையும், அத்தொகுப்பு பெர்லின் நகரில் அச்சேறியது என்பதையும் மட்டும் சொல்லி அமைவோம்.

நம் பொருளுக்கு இன்றியமையாத நிகழ்ச்சி அதே 1921இல், டில்லிக்கு நெடுந்தொலைவில், ஆஸ்திரிய நாட்டுக் கிராஸ் நகரில் வெளிப்பட்டது. அதனை விளங்கிக்கொள்ள, நரம்பு என்பது என்ன என்பதைச் சற்றே பார்த்தல் வேண்டும்.

யாழ் நரம்பும் உடல் நரம்பும்

நரம்பு என்றதும் தமிழ் கற்றோர் செவியில் யாழே ஒலிக்கும். ஒரு முனையில் விரல் பட்டால் மறுமுனைவரை அதிரும் நீண்ட இழை அது. உடல் நரம்பையும் மாந்தர் நெடுங்காலம் அவ்வாறே அறுபடாத இழையாகக் கருதினர். கிரேக்க மருத்துவர் காலனும், அவர்வழி வந்த இப்னு சீனா முதலிய அறிஞரும், மூளையிலிருந்து நுண்ணியதோர் ஆவி நரம்பின்வழி ஓடி உறுப்புகளை இயக்குகிறது என்று கொண்டனர். யூனானி நூல்கள் அதனை ரூஹ் நஃப்ஸானி என்னும். அஜ்மல் கான் மாணவராக இருந்தபோது பயின்ற பாடமும் இதுவே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கால்வானி தவளைக் காலைக் கொண்டு செய்த ஆய்வுகளால் ஆவியின் இடத்தை மின்சாரம் பிடித்தது. பின்னர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் நுண்ணோக்கியின்கீழ் கண்டு நிறுவியது இதனினும் வியப்பானது. நரம்பு மண்டலம் அறுபடாத வலை அன்று. தனித்தனி நரம்பணுக்களின் தொகுதி. ஓர் அணுவின் நுனி மற்றோர் அணுவை நெருங்குகிறது, ஆனால் தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு.

அங்ஙனமாயின் செய்தி அவ்விடைவெளியை எவ்வாறு கடக்கிறது? மின்பொறியாகத் தாவுகிறது என்றனர் ஒரு சாரார். வேதிப்பொருளாக நீந்துகிறது என்றனர் மற்றொரு சாரார். கிராஸ் பல்கலைக்கழகத்து ஒட்டோ லூவி என்பாருக்கு இதற்கான சோதனை கனவில் தோன்றியது. விழித்துக் குறித்துவைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க இயலவில்லை. மறுநாள் இரவும் அக்கனவே வர, உடனே எழுந்து ஆய்வகம் சென்றார். இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனி உப்புநீரில் துடிக்க விட்டார். முதலாவதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே தூண்டப்படாத அவ்விதயமும் தளர்ந்தது. நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் நீரில் கரைந்திருக்கிறது. அப்பொருளே செய்தி என்பது தெளிவாயிற்று. 1921இல் இம்முடிவு வெளிவந்தது. பின்னர் அப்பொருள் அசிட்டைல்கோலின் என்று அறியப்பட்டது. 1936இல் லூவியும் ஆங்கிலேயர் ஹென்றி டேலும் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆயினும் இது உடலின் புறநரம்புகளைப் பற்றிய செய்தியே. மூளைக்குள்ளும், அங்கே எழும் துயரம், அச்சம், உறக்கம், அசைவு ஆகியவற்றிலும் வேதித்தூது உண்டா என்னும் வினா மேலும் முப்பதாண்டுகள் விடையின்றிக் கிடந்தது. அதற்கு விடைகாண உதவியவற்றுள் ஒன்று இந்திய நாட்டு வேர்.

பித்தர்க்கு மருந்து

சர்ப்பகந்தி என்று நம் நூல்களும், அஸ்ரோல் என்று யூனானி நூல்களும் கூறும் அச்செடி, இந்தியக் காடுகளின் நிழலில் முழங்காலளவு வளரும் எளிய செடி. அதன் வேர்ப்பொடி உறக்கமின்மைக்கும் சித்தக்கலக்கத்திற்கும் வடநாட்டில் வழிவழியாகக் கொடுக்கப்பட்டது. சிற்றூரார் அதனைப் பித்தர் மருந்து என்னும் பொருளில் பாகல் கீ தவா என்றே அழைத்தனர். மேனாட்டார் அச்செடிக்கு, கீழைநாடுகளிற் சுற்றிய பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ராவல்ஃப் என்பாரின் பெயரை இட்டனர். அவர் இச்செடியைக் கண்டவர் அல்லர்.

திப்பியாக் கல்லூரியில் ஆய்வுக்கூடம் ஒன்று அமைய வேண்டும். வழிவழி வந்த மருந்துகளை வேதியியல் அறிந்த ஒருவர் பகுத்தாராய வேண்டும் என்பது அஜ்மல் கானின் பெருவிருப்பம். அதற்கு உரியவராக அவர் கண்டது சலீமுஸ்ஸமான் சித்தீகி என்னும் இளைஞரை. 1897இல் லக்னோவை அடுத்த பாராபங்கி மாவட்டத்தில் பிறந்த சித்தீகி, அலிகாரில் தத்துவமும் பாரசீகமும் படித்தவர். மருத்துவம் கற்க இலண்டன் சென்று, மனம் மாறி ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் வேதியியல் பயின்று 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். ஓவியரும்கூட. ஹகீம் சாகிபின் ஊக்கமும் வழிகாட்டலும் அவருக்குக் கிடைத்தன. திப்பியாக் கல்லூரி ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராகச் சித்தீகி அமர்ந்தார். ஆனால் ஆய்வின் பயனைக் காண அஜ்மல் கானுக்கு ஆயுள் இல்லை. 1927 டிசம்பர்த் திங்களின் இறுதியில் ராம்பூரில் அவர் இறையழைப்பை ஏற்றார். பலருடைய நாடியை மூன்று விரல்களால் அளந்தவரை இதயநோயே கொண்டு சென்றது.

1931இல் சித்தீகி, தம் உடனாய்வாளர் ரஃபத் ஹுசைன் சித்தீகியுடன் சேர்ந்து சர்ப்பகந்தி வேரிலிருந்து தூய படிகங்களாகச் சில ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றனுக்குத் தம் புரவலரின் பெயரைச் சூட்டி ஆஜ்மலின் என்றார். வேறு சிலவற்றுக்கும் அப்பெயரின் சாயலிலேயே பெயரிட்டார். சமாதி கட்டுவதினும் சிறந்த நினைவு இது என்பது என் கருத்து.

அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் போசும் இவ்வேர் சித்தக்கலக்கத்தையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதாக எழுதினர். ராம்நாத் சோப்ராவும் அவர் குழுவினரும் கல்கத்தா வெப்பமண்டல நோய் ஆய்வுப் பள்ளியில் அதன் இயல்புகளை ஆராய்ந்தனர். ஆனால் ஒரு புதிர் தீரவில்லை. சித்தீகி பிரித்த படிகங்கள் இதயத்தின்மீதும் குருதிக்குழாய்மீதும் செயற்பட்டன. முழுவேர் தரும் மன அமைதியை அவை தரவில்லை. அமைதி தரும் பொருள், படிகமாகாத பிசின் போன்ற எச்சத்தில் ஒளிந்திருந்தது.

நம் விழா மலர்களில் எழுதுவோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. மேனாட்டார் கண்டதையெல்லாம் நம் முன்னோர் முன்பே கண்டுவிட்டனர் என்று எழுதி மகிழ்வோம். இவ்விடத்தில் அங்ஙனம் எழுத வரலாறு இடந்தரவில்லை. வேர் அமைதி தரும் என்பதை நம்மவர் அறிந்திருந்தனர். எதனால் என்பதை அறிந்திலர். டில்லி ஆய்வுக்கூடம் பாதிவழி சென்றது. மீதிவழியை 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவன அறிஞர்கள் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவர் கடந்தனர். அந்த எச்சத்திலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த பொருளே ரெசர்பின். அவர்களை இவ்வேரின்பால் ஈர்த்தவை இந்திய ஆய்வுகளே என்பதும் உண்மை. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்புற்ற நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பயனை 1949இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

வெறுமையான கிடங்குகள்

ரெசர்பின் 1954 முதல் அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படலாயிற்று. ஆண்டுக்கணக்கில் கட்டுக்கடங்காதிருந்த நோயாளிகள் அமைதியுற்றனர். ஒரு பொருள் சில மில்லிகிராம் அளவிலேயே மனத்தை மாற்றுமாயின், மனத்தின் இயக்கத்தில் வேதியியலுக்குப் பங்கு இருந்தே தீரவேண்டும் அன்றோ? 1955இல் பெர்னார்டு பிராடியின் அமெரிக்க ஆய்வகத்தில், ரெசர்பின் தந்த விலங்குகளின் மூளையில் செரடோனின் என்னும் பொருள் குறைந்துவிடுவது கண்டறியப்பட்டது. அங்கே சிலகாலம் பணியாற்றித் தாயகம் திரும்பிய சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், நார்அட்ரினலினும் அவ்வாறே வற்றிவிடுவதைக் காட்டினார்.

நடப்பது இதுதான். நரம்பணுவின் நுனியில் கண்ணுக்குப் புலனாகா நுண்பைகள் பல உள்ளன. செய்தியாகச் செல்லவேண்டிய வேதிப்பொருள் அப்பைகளில் சேமிக்கப்படுகிறது. மின்னலை நுனியை அடைந்ததும் பைகள் சில வாய்திறந்து தம் பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. அது நீந்திச்சென்று அடுத்த அணுவின் மேலுள்ள ஏற்பிகளில், பூட்டில் திறவுகோல் பொருந்துவதுபோலப் பொருந்துகிறது. அவ்வணு தூண்டப்படுகிறது, அல்லது அடக்கப்படுகிறது. பணி முடிந்ததும் அப்பொருள் சிதைக்கப்படும், அல்லது முன்னைய அணுவாலேயே உறிஞ்சிக்கொள்ளப்படும். இத்தனையும் நிகழ ஆகும் நேரம் வினாடியில் மிகச் சிறு கூறு. ரெசர்பின் செய்வது, டோபமைன், நார்அட்ரினலின், செரடோனின் ஆகியவற்றைப் பைக்குள் ஏற்றும் நுண்பொறியை அடைத்துவிடுவது. பைக்குள் புகவியலாது வெளியே நிற்கும் பொருளை நொதிகள் அழித்துவிடுகின்றன. கிடங்கு வெறுமையாகிறது. தூதனை அனுப்ப வேண்டிய வேளையில் வீட்டில் தூதன் இல்லை. கொந்தளிக்கும் மனம் அடங்குவதும், இரத்தக் கொதிப்பு தணிவதும் இவ்வாறே. அம்மருந்தை உண்டோருள் சிலர் கடுந்துயரில் ஆழ்ந்தனர் என்று வந்த செய்திகள், மனச்சோர்வுக்கும் இப்பொருள்களின் குறைவுக்கும் தொடர்புண்டு என்னும் கொள்கைக்கு வித்திட்டன. அக்கொள்கை அத்துணை எளிதன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தியுள்ளன.

1957இல் கார்ல்சன் செய்த சோதனை இவ்வரலாற்றின் சிகரம். ரெசர்பின் ஊசி பெற்ற முயல்கள் காதுகள் தொங்க, கல்லாய்ச் சமைந்து கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறவல்ல டோபா என்னும் பொருளை அவர் அவற்றுக்கு ஏற்றினார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின. டோபமைன் என்பது வேறொன்றை ஆக்கும் இடைப்பொருள் மட்டுமே என்று அதுவரை கருதப்பட்டது. அதுவே ஒரு தூதுப்பொருள் என்பதும், உடல் அசைவை ஆள்வது என்பதும் இச்சோதனையிலிருந்து துலங்கின. சமைந்து கிடந்த முயல்களின் நிலை நடுக்குவாத நோயாளியின் நிலையை ஒத்திருந்தது. 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், நடுக்குவாதத்தால் மாண்டோரின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். 1967இல் நியூயார்க்கில் கோட்சியாசு டோபாவை மிகுந்த அளவில் படிப்படியாகக் கொடுத்து நோயாளிகளை நடமாடச் செய்தார். பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து அதுவே. 2000ஆம் ஆண்டில் கார்ல்சன் நோபல் பரிசு பெற்றார்.

வேலியோரத்துப் பூனைக்காலி

சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வகம் இவ்வரலாற்றில் பெற்ற இடத்தை இங்குச் சொல்லாதிருத்தல் தகாது. டோபா முதன்முதலில் 1913இல் ஐரோப்பிய அவரை வகையொன்றிலிருந்து பிரிக்கப்பட்டது. 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து ஆங்கில உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். பூனைக்காலியை அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துச் சிறுவர்க்கு அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. வேலியில் படரும் அக்கொடியின் காயைத் தொட்டவன் நாள் முழுதும் சொறிந்துகொண்டிருப்பான். சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் அதன் விதையைத் தூய்மைசெய்து நரம்புத் தளர்ச்சிக்கு வழங்கிவந்தனர். ஒரு வேர் டோபமைன் கிடங்கை வெறுமையாக்குகிறது. ஒரு விதை அதனை மீண்டும் நிரப்பும் சரக்கை வைத்திருக்கிறது. இரண்டும் இந்நாட்டு மருந்துப் பெட்டியில் அருகருகே இருந்தன. ஆனால் 1937இல் சென்னையில் விதையைப் பிரித்தவருக்கு மூளையில் டோபமைன் உண்டென்பது தெரியாது. 1931இல் டில்லியில் வேரைப் பிரித்தவருக்கு நரம்பின் நுண்பைகள் தெரியா. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வகம் அன்று நம்மிடம் இல்லை. அத்தகைய ஆய்வகத்தின் முதற்கல்லைத்தான் அஜ்மல் கான் கரோல்பாகில் நாட்ட முயன்றார். (இதனைப் படித்துவிட்டு விதையை அரைத்து உண்ண முற்படுவோர் கவனிக்க: அளவு மீறின் வாந்தியும் மனக்குழப்பமும் விளையும், நடுக்குவாதத்திற்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு.)

சித்தீகி 1940வரை திப்பியா நிறுவனத்தில் இருந்து, பின்னர் அரசின் அறிவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்தார். வேம்பின் கசப்புப்பொருள்களையும் அவரே படிகமாக்கினார். 1951இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டின் ஆய்வு நிறுவனங்களை உருவாக்கினார். 1961இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1994இல் கராச்சியில் மறைந்தார். நாடு இரண்டாயிற்று, ஆனால் அவர் சூட்டிய பெயர் எல்லைக்கோட்டை அறியாது.

ரெசர்பினை இன்று மருத்துவர் அரிதாகவே எழுதுகின்றனர். அதனினும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆஜ்மலின் கதை வேறு. இதயத் தசையிலும் நரம்பிழையிலும் மின்னலை எழக் காரணமான சோடியம் வாயில்களை அது அடைக்கிறது. 1992இல் ப்ருகாடா உடன்பிறப்பினர் விரித்துரைத்த நோயொன்று உண்டு. பார்வைக்கு நலமாயிருக்கும் இளைஞர் உறக்கத்தில் திடீரென இறந்துபோகக் காரணமாவது அது. பலரிடத்தில் அந்நோய் இதய மின்வரைபடத்திலும் தென்படாது ஒளிந்திருக்கும். ஐரோப்பிய மருத்துவமனைகளில் அத்தகையோரைப் படுக்கவைத்து, இதயத்தின் ஓட்டத்தைத் திரையில் பார்த்தவாறே, ஒரு சிறு குப்பியிலிருந்து மருந்தை மெல்ல நரம்பூசியில் ஏற்றுகின்றனர். ஒளிந்திருந்த குறி சில நிமிடங்களில் திரையில் வெளிப்படும். குப்பியின்மேல் எழுதியிருக்கும் பெயர் ஆஜ்மலின்.